வழுக்கக் கூடாது

மூவாயிரத்து இருநூறு பேர்
உறைந்த கடலைக் கடந்து தீவுக்குப் போயாக வேண்டும்.
வெள்ளிக்கிழமை கெடு.

தால்லின் நகரில், பழைய கயிற்றாலையின் மூன்றாம் மாடியில்,
கைடி அவர்களை நடத்திக்கொண்டிருக்கிறாள்.
கைவசம் இருப்பது ஒரே ஓர் ஆளின் நடை.
முப்பத்திரண்டு சட்டகம்.
முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கும்,
வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைபோல.

நடிகருக்குக் காய்ச்சல் கண்ட அன்று
வெள்ளைப் புள்ளிகள் ஒட்டிய கறுப்பு உடுப்புக்குள்
கட்டடக் காவலாளியைத் திணித்தார்கள்.
அவன் பெயர் ஐவர்.
அந்த ஊரில் அது சாதாரணப் பெயர்.
தமிழில் எழுதும்போதுதான்
எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.
ஐவராகப் பிறந்த அந்த ஒற்றை ஆள்
கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை
பதினொரு தடவை நடந்தான்.
ஒரு பெட்டி சாக்லேட் கொடுத்தார்கள்.

இப்போது அவனே மீன்காரி,
அவனே தபால்காரர், பாதிரியார்,
பாதியாகச் சுருக்கினால் பள்ளிச் சிறுவன்.
பதினான்கு மேலங்கி, ஒன்பது தலை,
சிலருக்கு மட்டும் மூட்டை.
பக்கத்துப் பக்கத்தில் இருவர்
ஒரே காலை ஒரே கணத்தில் தூக்கினால்
குட்டு உடைந்துவிடும்.
ஆகவே ஒருவனை ஐந்து சட்டகம் பிந்த விட்டாள்.
ஒருத்தியை நூற்றுக்கு எட்டு வேகமாக்கினாள்.

வேகம் கூட்டினால் பாதம் முரண்டு பிடிக்கிறது.
ஊன்றிய கால் ஊன்றிய இடத்தில் நில்லாமல்
மெல்ல இழுபடுகிறது.
இயக்குநர் லெம்பித் திரைமேல் விரல் வைத்துச் சொன்னார்:
"இது பனிக்கட்டி.
இதன்மேல் ஒருவர்கூட வழுக்கக் கூடாது."
சொன்னபிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது.
யாரும் சிரிக்கவில்லை.
மணி இரவு பத்து.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறாம் ஆள்
வழி தெரியப் பனியில் நட்டுவைத்த
ஜூனிப்பர்க் கிளையில் மோதி
நேற்றிலிருந்து நின்ற இடத்திலேயே நடக்கிறான்.
மனிதர் வந்தால் விலக அவனுக்குத் தெரியும்.
கிளையைப் பற்றி
அவனிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

"எல்லாரும் ஏன் வலப்பக்கம் சாய்கிறார்கள்?"
லெம்பித் மறுபடி.
கைடிக்குத் தெரியும்: சாவிக்கொத்து.
உடுப்பு மாற்றும்போது ஐவர் அதைக் கழற்றி
ஜன்னல் விளிம்பில் வைத்தான்.
இடுப்பு கழற்றி வைக்கவில்லை.
மூவாயிரத்து இருநூறு இடுப்புகளில்
இல்லாத சாவிகளின் கனம்.

வளைகோட்டை நேராக்கிப் பார்த்தாள்.
கூட்டம் நிமிர்ந்தது.
நிமிர்ந்ததும் அணிவகுப்பாகிவிட்டது.
ஊரை விட்டுப் போகிறவர்கள்
அப்படிப் போவதில்லை.
திரும்ப வளைத்தாள்.
பாதிப் பேரை இடம்வலம் மாற்றிப் புரட்டினாள்.
இப்போது சாவி சிலருக்கு இந்தப் பக்கம்,
சிலருக்கு அந்தப் பக்கம்.
போதும். தூரத்தில் தெரியாது.

பதினொன்றரைக்கு
விளக்கணைக்க வந்த ஐவர்
அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
முன்வரிசையில் ஒருவனைக் காட்டி,
"யார் இவன்? வாத்து மாதிரி" என்றான்.

அவன் காட்டியது
வேகம் கூட்டாத, புரட்டாத, உயரம் மாற்றாத
மூலப் பிரதி.
"யாரோ ஊர்க்காரன்" என்றாள்.
"காலில் ஏதோ கோளாறு, பாவம்" என்று சிரித்துவிட்டு
அவள் மேஜை விளக்கை மட்டும் விட்டுவைத்துப் போனான்.
படிக்கட்டில் சாவிச் சத்தம் இறங்கியது,
வலது காலுக்கு ஒரு தரம்,
வலது காலுக்கு ஒரு தரம்.
கடைசி டிராம் கோப்லி பக்கம் திரும்பும்வரை
அவள் ஒன்றும் செய்யவில்லை.

பிறகு
கிளையைப் பிடுங்கி எறிந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறாம் ஆள்
விட்ட காலிலிருந்தே தொடர்ந்து
தீவைப் பார்த்து நடந்தான்.